எட்டாதுங்க மேடம்

"எட்டாதுங்க மேடம்" என்றான் ஷோரூம் விற்பனைக்காரன். அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, காலைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு, சரிதானுங்களே சார் என்பதுபோல் அவள் தம்பி நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்துவும் ஏதோ தன்னிடம் கருத்துக் கேட்டுவிட்டார்கள் என்கிற பெருமையில் மோவாயைத் தடவிக்கொண்டு, ஆமாமா, ஹைட்டு ஜாஸ்திதான் என்றான். "லேடீஸுக்கு இந்த வண்டியில டெஸ்ட் ரைடு குடுக்கலாமான்னு மேனேஜரக் கேட்டுட்டு வந்தர்றன், ரெண்டே நிமிசம்" என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் போனவன்தான். துளசிமணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதக் கப்பில் டீ. அதைக்கூட முதலில் தம்பிக்குத்தான் கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி, வெளியே சத்தி ரோட்டில் கரும்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன, உள்ளே ஏசி போட்டும் அவளுக்கு வேர்த்தது. வேர்த்தது வெக்கையால் இல்லை, கோபத்தால். எட்டாதாம். அளந்து பார்த்தானா? ஏறி உட்காரச் சொன்னானா? கோழிக்கடைக்காரன்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடை சொல்வான், இவன் பார்வையிலேயே அளந்துவிட்டான். வாசலில் நுழைந்தபோதே, வாங்க சார், சாருக்கு வண்டியா, பையனுக்கா என்று ஆரம்பித்தவன்தானே. எனக்கு என்று அவள் சொன்னதும் முகம் மலர்ந்து நேரே ஸ்கூட்டர் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இளஞ்சிவப்பில் ஒன்று, வெளிர் ஊதாவில் ஒன்று, சீட்டுக்கு அடியில் காய்கறிப் பை வைக்க இடம். இருபத்திரண்டு வருசமாக அவள் காய்கறி வாங்கவா மலை ஏறிக்கொண்டிருக்கிறாள்?

எதிரே அந்த வண்டி நின்றது. சிவப்பு. முன்சக்கரம் பெரிது, டயரில் கட்டை கட்டையாகப் பட்டன், மட்கார்டு சக்கரத்தை ஒட்டாமல் அலகுபோல் மேலே தூக்கி நின்றது, எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோழி தலை நிமிர்ந்து நடந்துபோகலாம். தார் ரோட்டுக்கும் ஆகும், கல்லுத் தடத்துக்கும் ஆகும். இதே மாதிரி வண்டியில் காட்டிலாகா வாட்சர்கள் பள்ளத்தில் இறங்கி ஏறுவதை அவள் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நிறுத்தி விசாரித்திருக்கிறாள், ராத்திரி சமையலுக்கு நடுவே செல்போனில் இந்த வண்டியைப் பற்றி ஒருத்தன் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குழம்பைத் தீய விட்டிருக்கிறாள். கனம் எவ்வளவு, சக்கரம் எத்தனை அங்குலம் எல்லாம் மனப்பாடம். இந்தக் கடையில் வண்டி விற்கிறவனைவிட அவளுக்கு இந்த வண்டியைத் தெரியும். ஆனால் அவன் நாச்சிமுத்துவிடம்தான் விளக்கினான். மைலேஜ் சொன்னான், சர்வீஸ் சொன்னான். அப்புறம் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து ஒரு கம்பி வலையைத் தட்டிக் காட்டி, "சாரி கார்டு இருக்குதுங்க, லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்டும் வருது, மேடம் பின்னாடி உக்காந்துட்டு வர்றக்கு நெம்பச் சௌகரியம்" என்றான். அங்கேதான் அவளுக்குச் சுரீரென்றது. இந்த வண்டியில் பொம்பளைக்கென்று என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் எல்லாம் பின்னாலேயே வைத்திருக்கிறார்கள். சேலை சிக்காமல் இருக்க வலை, கால் வைக்கத் தட்டு. முன்னால் உட்காருகிறவளுக்கு என்ன வைத்திருக்கிறான்? எட்டாது என்கிற பதிலை வைத்திருக்கிறான். நாச்சிமுத்து டீயை உறிஞ்சிவிட்டு, "ஏனக்கா, பேசாம அந்த ஊதாக் கலரு எடுத்தர்லாமில்ல, உன்ர நல்லதுக்குத்தான் சொல்றன்" என்றான். பதில் சொன்னால் டீ அவன் மேல் கொட்டிவிடும் போலிருந்தது.

நல்லதுக்குத்தான். இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் அவளுக்குக் காது கூசுகிறது. போன மாசம் மாட்டாஸ்பத்திரிப் பெரிய டாக்டரும் இதைத்தான் சொன்னார். மேசைக்கு முன்னால் நிற்க வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பாவம் பார்க்கிற குரலில். "உங்களுக்கும் நாப்பத்தெட்டு ஆச்சுங்கம்மா. மேல் ஊருங்களை வேற ஆளுக்கு மாத்தி விட்டர்லாம். நீங்க கீழயே ஆஸ்பத்திரியில ரிஜிஸ்டர் பாத்துக்கங்க. சம்மதம்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க, உங்க நல்லதுக்குத்தான்." வருகிற திங்கட்கிழமை அந்த லெட்டர் வேண்டுமாம். சம்மதம் என்று எழுத வேண்டுமாம், அவள் கையாலேயே. மேல் ஊர்கள் என்றால் மலைமேல் பதினொரு ஊர். அரளித்தொட்டி முதல் அந்தக் கோடி வரை எந்த வீட்டில் எந்த மாடு எத்தனையாவது ஈத்து என்று அவளைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வாள். ஊசிக்கார அம்மா என்றுதான் அங்கே பெயர், துளசிமணி என்றால் யாருக்கும் தெரியாது. மாடு கத்துகிறது என்று காலையில் போன் வந்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சினை ஊசி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். எனக்கு வயசாகுது, ரோடு சரியில்லை, சம்மத லெட்டர் வரவில்லை என்றெல்லாம் மாட்டிடம் சொல்ல முடியாது. நைட்ரஜன் ஊற்றிய கேனில் விந்து அடைத்த ஊசிக்குச்சிகளைப் போட்டு, அதைப் பின்சீட்டில் ரப்பர்க் கயிற்றால் கட்டி, முதலில் மொபெட்டில், பிறகு ஸ்கூட்டரில் என்று எத்தனை வருசம். அப்போதெல்லாம் யாருக்கும் அவள் நல்லது ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு தடவை விழுந்தாள். உடனே எல்லோருக்கும் அவள் மேல் அக்கறை பொங்கிவிட்டது.

விழுந்தது நாற்பது நாளைக்கு முன்னால், அரளித்தொட்டிக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில். மாதம்மாளின் மாடு கத்துகிறது என்று காலையில் போன். மாதம்மாளுக்கு இருப்பதே அந்த ஒரு மாடு, அது கன்று போட்டால்தான் வீட்டில் பால், பால் இருந்தால்தான் மற்றதெல்லாம். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒரு உருண்டைக் கல்லில் ஏறி இறங்கியது, அதன் வயிறு இன்னொரு கல்லில் நச்சென்று உட்கார்ந்தது, வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் ஆடியது. அவள் இடது காலை ஊன்றப் போனாள். இடது பக்கம் பள்ளம். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. அந்த ஒரு நொடி. அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருசனிடம்கூட. வண்டி சாய்ந்ததும் கேன் உருண்டதும் மூடி கழன்று வெள்ளைப் புகை தண்ணீர்மேல் படர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும், முழங்கால் சிராய்ப்பைப் பார்க்காமல் கேனை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள் என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் கால் கீழே போய்க்கொண்டே இருந்ததும், தரை வராததும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து எங்கே நின்றாலும், பஜாரில் சிக்னலில் நின்றால்கூட, இடது கால் லேசாக உதறுகிறது. சேலையோ சுடிதாரோ மறைத்துக்கொள்கிறது. எட்டாது என்று அவன் சொன்னதில் இவ்வளவு கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ? சீ, அப்படியெல்லாம் இல்லை. அவன் சொன்னது தப்பு. சரியாகவே இருந்தாலும் அவன் சொன்னது தப்பு. இருபத்தோராவது நாள் மாதம்மாளின் மாடு மறுபடி கத்தியபோது, வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்களே, அந்த ஆள் அடிவாரம் வரை புல்லட்டில் போய், ரோடு இல்லீங்களே மேடம் என்று போன் பண்ணிவிட்டுத் திரும்பி வந்தான். நல்ல உயரம் அவன், ஆறடி, இரண்டு காலும் பூமியில் பதிந்து நிற்கும். என்ன பிரயோசனம்? திங்களோ செவ்வாயோ மாடு மூன்றாவது தடவை கத்தும். மாதம்மாளின் மகன் சொல்லிவிட்டான், இந்தத் தடவையும் ஆகலேன்னா மாட்ட ஓட்டி வித்தர்றதுங்க ஊசிக்காரம்மா, கறிக்குத்தான் போகும், வேற என்ன பண்றது என்று.

மேனேஜர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார், அவரும் காலைத்தான் பார்த்தார். அவள் காலைக் கொஞ்சம் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதும் ஆத்திரமாக வந்தது, எதற்காக நான் மறைக்கிறேன், திருடினேனா? திருட்டுத்தனம். அதுதான் அந்த வார்த்தை. சின்னண்ணன் வாத்தியார் சொன்ன வார்த்தை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிப்போனார், தம்பியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு. பிறந்த தேதி யாரிடம் இருந்தது அந்தக் காலத்தில்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாவது, தொடாவிட்டால் அடுத்த வருசம். அவ்வளவுதான் சட்டம். அவளுக்கு எழுத்தெல்லாம் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவிடம் அ முதல் ஃ வரைக்கும் கற்றுக்கொண்டு போயிருந்தாள், நூறு வரை ஒப்பிப்பாள். யாரும் கேட்கவில்லை. கையைத் தூக்கு என்றார். தூக்கினாள். விரல் நுனி காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டது, ஒரு விரக்கடை குறைச்சல். அப்போது அவள் தலையை லேசாகச் சாய்த்தாள். சாய்த்ததும் காது தானாக விரலுக்கு வந்துவிட்டது. தொட்டுட்டேன்! என்று கத்தினாள். நங்கென்று ஒரு கொட்டு. "ஏய், திருட்டுத்தனமா? தலைய நேரா வெச்சுத் தொடோணும்." வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா பாட்டுக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். அடுத்த வருசம் போனபோது நாச்சிமுத்துவுக்கு நாலு வயசிலேயே நீளக் கை, ஒரே வீச்சில் தொட்டுவிட்டான், இரண்டு பேரும் ஒரே வகுப்பு. தன்னைவிட இரண்டு வயசு சின்னவனோடு ஒரே பெஞ்சு, பத்தாவது வரைக்கும். அக்காவும் தம்பியும் ஒரே கிளாஸா, அக்கா ஃபெயிலா? என்று கேட்காத ஆள் கிடையாது. ஃபெயில் இல்லைங்க, கை எட்டலை என்று எத்தனை பேருக்குச் சொல்வது. அப்புறம் அவனுக்கு சைக்கிள் வந்தது, நீயும் கத்துக்கிறயா என்று அவளையும் யாராவது கேட்டார்களா? அவளே கற்றுக்கொண்டாள், பார் வைத்த பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, உடம்பு முழுக்க ஒரு பக்கம் தொங்க. அப்போதும் நேராக உட்கார்ந்து ஓட்டவில்லையே. சாய்ந்துதானே ஓட்டினாள். விழவில்லையே.

விழவில்லையே என்கிற இடத்தில் அவள் நினைப்பு தடுக்கி நின்றது. எதிரே சிவப்பு வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது, சாய்ந்துதான் நின்றது. இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் அது கண்ணில் படவில்லை. சைடு ஸ்டாண்டில் எந்த வண்டி நேராக நிற்கிறது? அரளித்தொட்டித் தடத்தில் எந்த இடம் சமமாக இருக்கிறது, இரண்டு காலையும் ஊன்றி வாத்தியாருக்குக் காட்டுகிற மாதிரி நிமிர்ந்து நிற்க? அங்கே எப்போதும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அன்றைக்குத் தண்ணீரில் அவள் செய்த தப்பு கால் எட்டாதது இல்லை. வண்டியை நேராகவே பிடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் காலை விட்டதுதான் தப்பு. மேட்டுப் பக்கம் சாய்த்து வலது காலை வைத்திருந்தால் கல்லே வந்து பாதத்தில் முட்டியிருக்கும். நாற்பது நாளாக ராத்திரி ராத்திரி கனவில் விழுந்து எழுந்தவளுக்கு இது இப்போதா தோன்ற வேண்டும், இந்தக் காகிதக் கப்பை வைத்துக்கொண்டு? அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. நாற்பத்தெட்டு வயசிலும் மண்டையில் அந்தக் கொட்டு வலிக்கிறது, தலையை நேராக வை என்று இன்னும் ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருக்கிறார். செத்துச் சுண்ணாம்பாகியிருப்பார் அந்த மனுசன். அவர் சொன்னதை மட்டும் இவள் பத்திரமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. விற்பனைக்காரன் சாவியோடு வந்தான், பின்னாலேயே மேனேஜரும், வேடிக்கை பார்க்கிற முகத்தோடு. "சார், ரூல்ஸ்படி குடுக்கறதில்லீங்க, சாருக்காகத்தான். மேடம் சும்மா உக்காந்து பாக்கட்டும். லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டான். துளசிமணி கைப்பையைத் திறந்து லைசென்சை எடுத்து அவன் கையில் வைத்தாள். கியர் வண்டிக்கு வாங்கியது, இவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. அவன் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். அவள் எழுந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, சுற்றிக்கொண்டுபோய் வண்டியில் ஏறினாள். "ஸ்டாண்டு எடுத்து நேரா நிமுத்துங்க மேடம். ரெண்டு காலும் ஊனுங்க பாக்கலாம்." நிமிர்த்தினாள். இரண்டு பாதமும் தரைக்கு மேலே தொங்கின, பெருவிரல் மட்டும் டைல்ஸ் தரையை வருடியது. இடது கால் உதற ஆரம்பித்தது. கனமான வண்டி இரண்டு பக்கமும் சாயத் தயாராக இருந்தது, சாய்ந்தால் இந்தப் பளபளப்பான தரையில், இத்தனை பேருக்கு முன்னால், பொம்பள ஓட்டினா இப்படித்தான் என்று ஜென்மத்துக்கும் சொல்வார்கள். "பாத்தீங்களா சார்" என்றான் அவன், சந்தோஷமாகவே சொன்னான். அவள் இடுப்பை சீட்டில் ஒரு சாண் இடது பக்கம் நகர்த்தினாள். வண்டியை வேண்டுமென்றே இடது பக்கம் சாய்த்தாள். முழுப் பாதமும் குதிகாலோடு தரையில் பதிந்தது. தரை வந்துவிட்டது.

"சாய்க்காதீங்க மேடம், சாய்க்காதீங்க! நேரா நிறுத்தோணும், அதான் கணக்கு" என்று அவன் ஓடி வந்து ஹேண்டிலைப் பிடிக்கப் போனான். அவளுக்கு உச்சந்தலையில் நங்கென்றது. இப்போது தம்பியும் சேர்ந்துகொள்வான், உன்ர நல்லதுக்குத்தான் அக்கா என்பான், அவனையும் சேர்த்து ஒரு வாங்கு வாங்கிவிடுவது என்று திரும்பினாள். நாச்சிமுத்து டீக் கப்பைக் கையில் நசுக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. "கையை எடுங்க" என்றான் விற்பனைக்காரனிடம். "சாய்ச்சா என்னங்க? எட்டுச்சில்ல?" அவன் யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அன்னிக்கும் எட்டுச்சு. நா அப்பன் தோள் மேலருந்து பாத்துட்டுத்தான் இருந்தன். சொல்லத் தெரியல." மூன்று வயசுப் பிள்ளைக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்? இருந்திருக்கிறது. இத்தனை வருசம் அதை வைத்துக்கொண்டு மோவாயைத் தடவிக்கொண்டு திரிந்திருக்கிறான், மடையன். இதைச் சொல்ல நாற்பத்துமூன்று வருசமா? அவளுக்கு அவன் மேல் வந்த கோபத்தில் கண் நிறைந்துவிட்டது. "சாவியக் குடுங்க" என்றாள் விற்பனைக்காரனிடம். குரல் கரகரத்தது, அதற்கும் ஒரு கோபம்.

ரோட்டுக்குப் போகவில்லை. ஷோரூமுக்குப் பின்னால் கட்டடம் கட்டக் கொட்டி வைத்த கல்லும் ஜல்லியுமாக ஒரு காலி மனை இருந்தது, வரும்போதே பார்த்து வைத்திருந்தாள். வண்டியை அதற்குள் விட்டாள். முன்சக்கரம் கல்லில் ஏறியது, ஏறி இறங்கியது, வயிறு எதிலும் உட்காரவில்லை. நடுக் குவியலில், இடது பக்கம் பள்ளமும் வலது பக்கம் மேடுமாக இருந்த இடமாகப் பார்த்து வேண்டுமென்றே நிறுத்தினாள். மேட்டுப் பக்கம் சாய்த்து வலது காலை வைத்தாள். கல் பாதத்தில் வந்து முட்டியது. கால் உதறியது. உதறிக்கொண்டே நின்றது. இடது கையால் போனை எடுத்து மாதம்மாளின் மகனைக் கூப்பிட்டாள். "மாட்ட விக்காதீங்க. கத்துனா எந்நேரமானாலும் போன் போடுங்க, நான் வர்றன்." "நீங்களே வர்றீங்களா ஊசிக்காரம்மா? மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க?" "யாரும் மாத்துல. நான் எழுதிக் குடுத்தாத்தான மாத்துவாங்க" என்று வைத்தாள். கட்டடத்து மூலையில் இருந்து விற்பனைக்காரன் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தான். எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை. எப்படியும் அவளுடைய நல்லதுக்காகத்தான் இருக்கும். அவள் கால் கியரைத் தேடி, ஒன்றில் போட்டு, இன்னும் உயரமாகக் கல் குவிந்திருந்த பக்கம் வண்டியைத் திருப்பினாள்.